சீனித்தம்பி மாஸ்டர் கேட்ட கச்சேரி

ஒஸ்லோவின் வெஸ்ட்லி ரயில் நிலையத்துச் சுவரில் அந்த நான்கு கிழவர்களின் படத்தை ஒட்டிய நாளிலிருந்து சீனித்தம்பி மாஸ்டரின் வாய் ஓயவில்லை. ஆளுயரப் படம். நான்கு பேருக்கும் கறுப்புத் தோல் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலையில் கறுப்புச் சாயம். ஒருவன் முகத்தில் மற்றவன் முழிக்க விரும்பாதது போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே ‘ஸ்லேட் ஃபெரி’ என்று குழுவின் பெயர். கீழே, பிரிந்தவர்கள் மறுபடியும் ஒன்றுகூடி மேடை ஏறுகிறார்கள், ஒஸ்லோவில் ஒரேயொரு மாலை என்று அறிவிப்பு.

“உவங்களுக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டிலை இருக்கிற வயசு,” என்றார் மாஸ்டர், பக்கத்தில் ரயிலுக்கு நின்ற சோமாலியப் பெண்ணும் திரும்பிப் பார்க்கும்படியாக. “தோல் சட்டை கேக்குது, தோல் சட்டை!”

நியாயமாகப் பார்த்தால் மாஸ்டருக்கும் அதே வயசுதான். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

ஸ்லேட் ஃபெரி என்பது இங்கிலாந்து ராக் குழு. ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்க அவர்களுக்குப் பின்னால் பித்துப் பிடித்து அலைந்த கூட்டம் இருந்ததாம். பிறகு பாடகனுக்கும் கிட்டார்காரனுக்கும் ஆகாமல் போனது. மேடையிலேயே ஒருவன் மற்றவனை மைக்கால் அடித்தான். குழு இரண்டாகி, ஒன்றின் மேல் ஒன்று வழக்குப் போட்டது. ‘அவன் செத்தால் பூக்கூட அனுப்ப மாட்டேன்’ என்று இருவரும் பத்திரிகை பத்திரிகையாகச் சொல்லித் திரிந்தார்கள். அந்த இரண்டு வாயும் இப்போது ஒரே மேடையில் தோளில் கைபோட்டுப் பாடப் போகின்றனவாம். வெட்கமாவது மானமாவது! இதற்கு நொர்வே சனம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியது. படித்த சனம், சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் போடும் சனம்.

இந்த வரலாற்றையெல்லாம் மாஸ்டருக்குச் சொன்னவன் மேல்மாடியில் இருக்கும் ஆதித்யா. கோயம்புத்தூர்ப் பையன், கணினிக் கம்பெனியில் வேலை. கல்லூரியில் படிக்கும்போதே அந்தக் குழுவின் பெயர் போட்ட ரீசேட் வாங்கியவன், இன்னும் அதைத் தூக்கி எறியவில்லை. வயிறு வெளியே தெரிந்தாலும் போட்டுக்கொண்டுதான் திரிவான்.

மாஸ்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் திருகோணமலை. நொர்வேக்கு வந்த புதிதில் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினார், பிறகு ஒஸ்லோவில் தபால் பிரித்தார், இப்போது ஓய்வு. ஆனால் ‘மாஸ்டர்’ என்ற பட்டம் மீனாலோ தபாலாலோ வந்ததல்ல. சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பாடசாலையின் நிலவறையில் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறார். பெயரில்தான் சீனி. ‘நல்லாயிருக்கு’ என்ற சொல்லை எந்தப் பிள்ளையும் அவர் வாயால் கேட்டதில்லை. ‘பரவாயில்லை’ என்று இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பெரிய வித்துவான்கள், இரண்டு பேரும் அப்போது உயிரோடு இல்லை.

தன் மகளுக்கு ஹம்சத்வனி என்று ராகத்தின் பெயரையே வைத்தார். ஐந்து வயதில் வயலினைக் கையில் கொடுத்தார். அவளும் கேட்டபடி வாசித்துக்கொண்டுதான் இருந்தாள். வளர்ந்ததும் மேல்நாட்டு வயலின் படிக்கப் போகிறேன் என்று இசைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மாஸ்டர் அதையும் பொறுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். படிப்பின் கடைசிப் பரீட்சையாக அவள் வாசித்த கச்சேரிக்குப் போயும் இருந்தார். முடிந்ததும் மகள் ஓடிவந்து, பேராசிரியர்கள் சுற்றி நிற்க, “அப்பா, எப்பிடி?” என்று கேட்டாள்.

“கிறீஸ் போடாத கதவு மாதிரி இருந்தது,” என்றார் மாஸ்டர்.

வெள்ளைக்காரப் பேராசிரியை சிரித்த முகத்துடன், அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பிள்ளையே அதை நொர்வேஜிய மொழியில் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த கிழமை அவள் நகரத்துக்குள் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வருடம் ஆகிறது, தகப்பனும் மகளும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசியதில்லை. அவள் தாய்க்குத்தான் போன் எடுப்பாள். தாய் இந்திராதேவி சத்தத்தைக் கூட்டிவைத்துக் கதைப்பாள். மாஸ்டர் பக்கத்தில் இருந்து பேப்பர் படிப்பார், ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல்.

அந்தப் போனில்தான் ஒரு நாள் செய்தி வந்தது. ஸ்லேட் ஃபெரி போகும் ஊர்களில் எல்லாம், நடுவில் வரும் ஒரு மெதுவான பாட்டுக்கு, அந்தந்த ஊரிலேயே எட்டு வயலின்காரரைப் பிடிப்பார்களாம். ஒஸ்லோவில் பிடித்த எட்டில் ஹம்சத்வனியும் ஒருத்தி. பன்னிரண்டாயிரம் பேர் முன்னால் வாசிக்கப் போகிறாள். வீட்டுக்காரருக்கு என்று இரண்டு இலவச டிக்கெட்.

“அம்மா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றாள். “வந்து கேக்கட்டும்.”

பேப்பர் ஆடியது. அன்று இரவு மாஸ்டர் சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்ல மறந்துபோனார்.

மறுநாள் தொடங்கி மறுபடியும் கிழவர்களைத் திட்ட ஆரம்பித்தார். இந்திராதேவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இஞ்சை பாருங்கோ. அவங்களை நீங்கள் என்னவும் பேசுங்கோ. கிழவன் எண்டு சொல்லுங்கோ, குரங்கு எண்டு சொல்லுங்கோ. ஆனா என்ரை பிள்ளை வாசிச்சுப்போட்டு வந்து நிக்கேக்கை, உங்கடை வாயிலை இருந்து ஒரு நல்ல சொல் வர வேணும். ஒண்டு காணும். வரேல்லையோ, நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவளோடை போயிடுவன்.”

“வாசிக்கிறதைக் கேட்டுத்தானே சொல்ல ஏலும்.”

“கேட்டும் சொல்லலாம், கேக்காமலும் சொல்லலாம். நல்லாயிருந்தது எண்டு சொல்லுறதுக்கு என்ன காது வேண்டிக் கிடக்கு?”

மாஸ்டர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் அவருக்கும் மகள் வேண்டும். அதைச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஊரையெல்லாம் கிழிக்கத் தெரிந்த வாய்க்குத் தன் வீட்டில் ஒரு சொல் பேச வராது. இப்படியும் ஒரு சாதி மனுசர் உண்டு.

வந்தது அந்தச் சனிக்கிழமை. பார்த்தால் அதே நாளில் நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் மங்களேஸ்வரி வீட்டுச் சாமத்திய வீடு. அவளுடைய மகள் யதுர்ஷா பெரியபிள்ளையாகி எட்டு மாதம். மண்டபம் கிடைக்காமல் இப்போதுதான் கொண்டாட்டம். யதுர்ஷா மாஸ்டரிடம் கொஞ்சக் காலம் வயலின் படித்தவள். படித்தாள் என்பதை விட வந்து போனாள் என்பதுதான் சரி. எப்படியானாலும் தலையைக் காட்டாமல் இருக்க முடியாது. நாளைக்கு நம்முடைய வீட்டு விசேசத்துக்கு ஆர் வருவினம் என்ற கேள்வி ஒன்று இருக்கிறதே.

படியில் ஆதித்யா எதிர்ப்பட்டான். அதே ரீசேட்.

“சார், நீங்களும் வர்றீங்களாமே! ஆன்ட்டி சொன்னாங்க. சூப்பர் சார். ஆனா கரெக்ட்டா வந்துருங்க. ஏழு மணின்னா ஷார்ப்பா ஏழுக்கு ஸ்டார்ட் பண்ணிடுவாங்க. முன்னாடி வேற பேண்ட் எதுவும் கிடையாது. வயசாயிடுச்சில்ல, ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிட்டுப் போய்ப் படுத்துருவாங்க.”

“ஓம், ஓம்,” என்றார் மாஸ்டர். அவன் போனதும் மனைவியிடம் திரும்பினார். “இந்தியாக்காரப் பெடியன். ரெண்டு வருசத்துக்கு முன்னம் பிளேனாலை இறங்கினவன் எனக்குக் கச்சேரி நேரம் சொல்லித் தாறான்.”

“அவன் சொல்லுறது சரிதானே. வெள்ளைக்காரன் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவான்.”

“இந்திரா, நீர் விசயம் விளங்காமல் கதையாதையும். நான் எத்தினை அரங்கேற்றம் நடத்தினனான்? அழைப்பிதழிலை ஏழு மணி எண்டு போட்டால் எட்டரைக்குத்தான் திரை விலகும். அதுவும் இது என்ன சும்மா கச்சேரியே? அடிபட்டுப் பிரிஞ்சவை இத்தினை வருசத்துக்குப் பிறகு சேர்ந்து வருகினம். நகரபிதா பேசாமல் விடுவாரே? லண்டனிலை இருந்து வந்த ஆள் ஒண்டு பேசும். ஆர் முதலிலை மன்னிப்புக் கேட்டது எண்டு நாலு பேர் விளக்கம் சொல்லுவினம். பொன்னாடை போத்துவினம். எல்லாம் முடிஞ்சு பாட்டுத் தொடங்கேக்கை நாங்கள் போய் ஆறுதலா இருக்கலாம். பிள்ளையின்ரை பாட்டு நடுவிலைதானே.”

“டொக்டரிட்டைப் பிந்திப் போய்த் தண்டம் கட்டினது மறந்து போச்சோ?”

“அது டொக்டர். இது கலை.”

ஆளைப் பாருங்கள்! முப்பது வருடத்துக்கு மேலாக நொர்வேயில் சீவித்தவர். நிமிசம் தவறாமல் பஸ் வரும் நாட்டில் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்தியதில்லை. ஆனால் மேடை, மைக், பாட்டு என்று வந்துவிட்டால், உலகம் முழுக்கத் தமிழ்ச் சங்கத்தின் மணிக்கூட்டில்தான் ஓடுகிறது என்று மனசார நம்பினார். அவர் தன் ஆயுளில் போன கச்சேரி ஒவ்வொன்றும் அப்படித்தான் நடந்தது. மகளின் கல்லூரிக் கச்சேரி மட்டும் நேரத்துக்குத் தொடங்கியது. அது பரீட்சை என்பதால் கணக்கில் சேராது.

லோறென்ஸ்கூக் மண்டபத்தில் நண்பகல் என்று அழைப்பிதழ் சொன்னது. யதுர்ஷா மேடைக்கு வந்தபோது பின்னேரம் மூன்று தாண்டிவிட்டது. மயில் வடிவத்தில் செய்த ஒரு வண்டியில், புகை கக்கும் யந்திரத்தின் நடுவே, இருமிக்கொண்டு வந்து இறங்கினாள் பிள்ளை. ஆரத்தி, தண்ணீர் வார்ப்பு, உடுப்பு மாற்றம், மறுபடியும் புகை, மறுபடியும் உடுப்பு மாற்றம். பிறகு படம் பிடிக்கும் வரிசை. குடும்பம் குடும்பமாக மேடையேறி, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நின்று, கமெராக்காரன் சொன்ன பக்கம் சிரிக்க வேண்டும். சிரிக்காமல் போனால் வந்ததாகவே கணக்கில்லை. வரிசை வாசல்வரை நின்றது.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் இந்திராதேவி கைப்பையை எடுத்தாள். கார் ஓட்டுபவள் அவள்தான், மாஸ்டருக்கு லைசென்ஸ் கிடையாது. அந்த நேரம் பார்த்து மங்களேஸ்வரி ஓடிவந்தாள்.

“மாஸ்டர், வாழ்த்துரை! ரெண்டே ரெண்டு சொல் பேசிப்போட்டுப் போங்கோ. நீங்கள் பேசாட்டி என்னெண்டு?”

இந்திராதேவி கண்ணைக் காட்டினாள். மாஸ்டர் பார்க்கவில்லை. மைக்கைக் கண்டால் அவருக்கு வேறொன்றும் கண்ணில் படாது.

உண்மையாகவே இரண்டு சொல்லோடு இறங்கத்தான் போனார். பிள்ளை நீடூழி வாழ்க என்று முடித்தும் விட்டார். சனம் சாப்பாட்டுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இண்டைக்கு ஒஸ்லோவிலை இன்னொரு விசேசமும் நடக்குது,” என்றார். “நாலு கிழடுகள் பாடப் போகினமாம்.”

நாலைந்து தலை நிமிர்ந்தது.

“ஒராளுக்கு நெஞ்சுக்கை மெசின். ஒராளுக்கு இடுப்பிலை இரும்பு. அவையள் மேடையிலை துள்ளினால் எது பாட்டு, எது மூட்டு எண்டு ஆருக்குத் தெரியும்?”

மண்டபம் குலுங்கியது. பின்வரிசையில் நின்ற இளசுகள் விசிலே அடித்தார்கள். அவ்வளவுதான், மாஸ்டருக்கு ஏறிவிட்டது. பாடகனின் சாயம் பூசிய தலையை எடுத்தார். கிட்டார்காரனின் மூன்றாவது கல்யாணத்தை எடுத்தார். அடிபட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பதைக் கையை விரித்து நடித்தே காட்டினார். “இதுகள் எங்கடை ஆக்களெண்டால் கோயில் நிர்வாகத்திலை இருந்திருக்குங்கள்” என்று சொன்னபோது ஒரு கிழவருக்குச் சோறு புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. சிரிக்கச் சிரிக்க மாஸ்டர் கிழித்தார், கிழிக்கக் கிழிக்கச் சனம் சிரித்தது. மேடையை விட்டு இறங்கியபோது அவர் முகம் மாப்பிள்ளை முகம் போல இருந்தது.

பிறகு சாப்பிடாமல் போகக் கூடாது. பிறகு படம். இந்திராதேவியையும் சும்மா சொல்ல முடியாது. வரிசையில் அவர்களுக்கு முன்னால் மூன்று குடும்பம்தான் நின்றது, இவ்வளவு நேரம் நின்றுவிட்டு விடுவதா என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. பட்டுச் சேலை உடுத்திய நாள் வேறு.

காரில் ஏறியபோது ஏழரை தாண்டியிருந்தது. மாஸ்டர் கலங்கவில்லை.

“இப்பதான் நகரபிதா மைக்கைப் பிடிச்சிருப்பார்,” என்றார்.

“வாயை மூடிக்கொண்டு வாங்கோ. பிள்ளைக்கு என்ன சொல்லப் போறியள்? அதைச் சொல்லிப் பாருங்கோ.”

“நல்லாயிருந்தது எண்டு.”

“மொட்டையா இருக்கு. கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ.”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நெடுஞ்சாலையில் வெயில் முகத்தில் அடித்தது, ஜூன் மாதத்து ஒஸ்லோ வெயில், மறைகிற எண்ணமே இல்லாதது. சங்கீத மொழியில் இரண்டு வரியைக் கட்டி, சொல்லிப் பார்த்து, திருத்தி, மறுபடி சொல்லிப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை, ஆனால் மனுசன் உண்மையிலேயே பாடுபட்டார். இந்திராதேவி கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம் ஆறியது.

நகருக்குள் கார் விட இடம் தேடி மூன்று தெரு சுற்றினார்கள். அரங்குக்கு ஓடினார்கள். ஓடினார்கள் என்றால், பட்டுச் சேலையும் வேட்டியும் ஓடக்கூடிய அளவுக்கு. வாசலில் ஒரு நொர்வேஜியப் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள்.

“கடைசிப் பாட்டும் முடிகிறது,” என்றாள் பாவமாக.

“எதின்ரை கடைசி?” என்றார் மாஸ்டர் தமிழிலேயே.

உள்ளே கதவருகில் போய் நின்றார்கள். தொலைவில் புகை, வெளிச்சம், நடுவில் விரலளவில் நான்கு உருவங்கள். கடைசி அடி விழுந்தது. நெஞ்சுக்குள் எதையோ போட்டு உலுக்கியது போல ஓர் அதிர்வு, பிறகு பன்னிரண்டாயிரம் பேரின் கூச்சல். நான்கு கிழவர்களும் தோளில் தோள் போட்டுக் குனிந்து வணங்கினார்கள். விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் கச்சேரி. நகரபிதாவும் இல்லை, பொன்னாடையும் இல்லை.

மாஸ்டர் டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தை மறுபடி பார்த்தார்.

“இப்ப என்ன செய்யிறது?”

“என்ன செய்யிறது? பிந்திப்போனம் எண்டு உண்மையைச் சொல்லுவம்.”

“சொன்னால் நம்புவாளோ? வேணுமெண்டு வராமல் விட்டனான் எண்டுதான் நினைப்பாள். ரெண்டு வருசத்துக்குப் பிறகு பிள்ளை கூப்பிட்டிருக்கு, இந்திரா. இந்த முறை விட்டால் பிறகு அவள் எனக்கு இல்லை.” மாஸ்டரின் குரல் உடைந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் அப்படி ஒரு விரிசலை இந்திராதேவி கேட்டதில்லை. “நான் சொல்லுறன். காரிலை சொல்லிப் பாத்ததைச் சொல்லுறன். நீரும் ஓம் எண்டு சொல்லும்.”

இந்திராதேவி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சனம் அலையலையாக வெளியே வந்தது. நரைத்த தலைகள், தொண்டை கட்டிய குரல்கள். அதற்குள் ஆதித்யாவும் வந்தான், வியர்த்து விறுவிறுத்து, கண் சிவந்து.

“சார்! என்ன சார் இப்படிப் பண்ணிட்டாங்க! கடைசிப் பாட்டுல அழுதுட்டேன் சார். உங்களுக்கு எப்படி இருந்தது? எங்க உக்காந்திருந்தீங்க?”

“பின்னாலை,” என்றார் மாஸ்டர். “பரவாயில்லை.”

நடுப்பாட்டில் வயலின் எப்படி என்று மாஸ்டர் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். ஆனால் பிந்தி வந்ததை அந்தப் பெடியன் கண்டுபிடித்துவிட்டால்? ‘நான்தான் சொன்னேனே சார்’ என்று அவன் இளித்தால்? மாஸ்டர் முதுகில் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவராக நின்றார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சொசேஜ் விற்கும் வண்டிக்குப் பக்கத்தில் சந்திப்பதாகப் பேச்சு. ஹம்சத்வனி அங்கே ஏற்கெனவே நின்றாள். கறுப்பு உடுப்பு, முதுகில் வயலின் பெட்டி. இரண்டு வருடத்தில் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்தும் இருந்தாள். இவர்களைக் கண்டதும் ஓரடி முன்னால் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

மாஸ்டர் அவளைப் பேச விட்டால்தானே.

“பிள்ளை!” என்றார். “எட்டுப் பேர் வாசிச்சினம். அதிலை உன்ரை வில்லு எனக்குத் தனியாக் கேட்டுது. கீழ் ஸ்தாயியிலை இருந்து மெல்ல மெல்ல மேலை ஏத்தினாய் பார், அந்த இடத்திலை எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சுருதி சுத்தம். நல்லாயிருந்தது, பிள்ளை. மெத்த நல்லாயிருந்தது.”

வாழ்க்கையில் முதல் தடவை. சொல்லி முடித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. சொன்னது முழுப் பொய் என்பது அந்த நேரத்தில் அவருக்கே நினைவில்லை.

“நான் அழுதிட்டன், பிள்ளை,” என்றாள் இந்திராதேவி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

ஹம்சத்வனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்பா, நான் வாசிக்கேல்லை.”

சொசேஜ்காரன் யாருக்கோ மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான்.

“பின்னேரம் ஓவிங்கிலை, ஒத்திகையிலை, பாடகருக்கும் கிட்டார்காரருக்கும் திரும்பவும் சண்டை,” என்றாள். “எங்கடை பாட்டு கிட்டார்காரர் எழுதினது. அதைப் பாடமாட்டன் எண்டு மற்றவர் மைக்கை வைச்சிட்டுப் போயிட்டார். பாட்டைத் தூக்கிட்டாங்கள். பிறகு ஒரு பொம்பிளை வந்து, பெக்லாகர், பெக்லாகர் எண்டு மன்னிப்புக் கேட்டு, எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு ரீசேட் தந்து அனுப்பிவிட்டா. அவங்கள் எங்கடை முகத்தைக்கூடப் பாக்கேல்லை.”

“எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே, பிள்ளை,” என்றாள் தாய், அழுகையும் வெட்கமும் ஒன்றாய்.

“எடுத்தால் அப்பா வரமாட்டார் எண்டு நினைச்சன். எனக்கு அப்பா வர வேணும் எண்டு இருந்தது. நான் உங்கடை ரெண்டு கதிரையிலைதான் அம்மா இருந்தனான். உங்கடை கதிரையிலை பெட்டி, அப்பாவின்ரை கதிரையிலை நான். இப்ப வருவியள், இப்ப வருவியள் எண்டு முழுக்க வாசலைப் பாத்துக்கொண்டு.”

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“எங்களை அப்பிடித் தூக்கி எறிஞ்ச நேரம் எனக்கு உங்கடை வாய்தான் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா வரட்டும், பக்கத்திலை இருந்து இவங்களைக் கிழி கிழியெண்டு கிழிப்பார், நான் கேக்க வேணும் எண்டு இருந்தன். ஒரு நாளைக்கெண்டாலும் அந்த வாய் என்ரை பக்கம் நிண்டு பேசும் எண்டு.”

அன்று பின்னேரம் அதே கிழவர்களை அந்த வாய் கிழித்தது உண்மைதான். லோறென்ஸ்கூக்கில், சோறு தின்றுகொண்டிருந்த இருநூறு பேருக்காக, கைதட்டலுக்காக. அதை இப்போது யாரிடம் சொல்வது?

“உவங்கள்...” என்று தொடங்கினார் மாஸ்டர். “உந்தக் கிழட்டுக் கூட்டம், மானங்கெட்ட...”

“வேண்டாம் அப்பா. அவங்கள் நல்லாத்தான் பாடினவங்கள். நீங்கள் கேக்கேல்லை.”

அவள் தாயைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். பெட்டியின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

“இனி எங்கையும் வாசிச்சால் சொல்லுறன்,” என்றாள். “வராட்டிலும் பரவாயில்லை அப்பா. வந்தனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”